கொடைக்கானல் கல்லூரிக்கு கிளவுட் லேப்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மலைச்சாரல்_டீச்சர் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலில் ஒரு சின்னக் கல்லூரியில் பிசிஏ பிள்ளைகளுக்கு பைத்தானும் லினக்ஸும் எடுக்கிறேன். லேபில் 18 கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒழுங்காக ஓடுவது 11. அதிலும் பாதிக்கு மேல் 4 ஜிபி மெமரிதான். பிள்ளைகள் 42 பேர். இரண்டு பேட்ச் ஆக்கினாலும் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் உட்கார வேண்டியிருக்கிறது. ஒருத்தி அடிப்பாள், பக்கத்தில் இருப்பவள் பார்ப்பாள். செமஸ்டர் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிராக்டிகல் பரீட்சை அன்றுதான் தனியாக கீபோர்டில் கை வைக்கிற பிள்ளையும் உண்டு.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். லினக்ஸில் ஃபைலை அழிக்கும் கட்டளை நடத்தினேன். பண்ணைக்காட்டிலிருந்து வரும் ஒரு பெண் கட்டளையை முழுசாக அடித்துவிட்டாள். என்டர் மட்டும் தட்டவில்லை. ஆள்காட்டி விரல் என்டருக்கு மேலே அரை அங்குலத்தில் அப்படியே நிற்கிறது. "மேம், வேற எதாவது அழிஞ்சிட்டா என்ன பண்றது?" என்று கேட்டாள். அவள் பயம் நியாயமானது. அந்த கம்ப்யூட்டர் கெட்டால் கீழேயிருந்து ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும், ஒரு வாரம் ஆகும். நானும் "சரி விடு, அடுத்ததைப் பார்" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கெடுத்துப் பார்க்காமல் லினக்ஸ் எப்படிப் படியும்?

மாணவரே பிரவுசரில் தனக்கு ஒரு கணினியைத் திறந்துகொள்ளலாம், கெடுத்துவிட்டால் யாரையும் கேட்காமல் புதுசாக வாங்கிக்கொள்ளலாம், அப்படி கிளவுட் லேப்கள் (இணையம் வழியே வேறெங்கோ இருக்கும் சர்வரில் ஓடுபவை) இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். நிர்வாகம் மாசம் 3,000 ரூபாய் வரை தரச் சம்மதிக்கிறது. எனக்கு கிளவுட் அனுபவம் சுத்தமாக இல்லை. முதல் அடி எது என்று மட்டும் சொல்லுங்கள்.

---

பெருமாள்மலை_சர்வர் | ஞாயிறு, இரவு 10.55

டீச்சர், நான் பெருமாள்மலைக்காரன். இப்போது கோவையில் சர்வர் வேலை. உங்கள் பதிவில் அந்த அரை அங்குலத்தைப் படித்ததும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் கேட்பது புதுசு இல்லை. அமெரிக்காவில் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2004 வாக்கிலேயே மெய்நிகர் கணினி லேப் ஒன்றைக் கட்டியது. அது பிறகு அப்பாச்சி அமைப்பின் கீழ் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள் ஆனது. நம் நாட்டில் ஐஐடி டெல்லி 'பாதல்' என்ற பெயரில் தங்களுக்கென்று ஒரு கிளவுட் செய்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆசிரியர் ஒரே ஒரு மாதிரி இயந்திரத்தில் பாடத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்றி வைப்பார். மாணவர் லாகின் செய்ததும் அந்த மாதிரியிலிருந்து அவருக்கு ஒரு நகல் கிடைக்கும். இயக்குவது, நிறுத்துவது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு எடுப்பது மூன்றும் மாணவர் கையில். எத்தனை மணி நேரம், எவ்வளவு மெமரி என்ற வரம்பு மட்டும் ஆசிரியர் கையில்.

இதில் இரண்டு வகை இருக்கிறது, முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முழுக் கணினி. ஆபரேட்டிங் சிஸ்டம் நிறுவுவது, நெட்வொர்க் அமைப்பது, ஃபயர்வால் எல்லாம் நடத்த இதுதான் வேண்டும். செலவு கூடும், நல்ல இணைப்பும் வேண்டும். இன்னொன்று, ஒரே சர்வருக்குள் ஆளுக்கொரு அறை. பைத்தான், லினக்ஸ் கட்டளைகள், எஸ்கியூலைட் என்கிற சின்ன டேட்டாபேஸ் இவற்றுக்கு இதுவே தாராளம். உங்கள் பாடத்துக்கு இரண்டாவது போதும்.

அதற்கு 'தி லிட்டிலெஸ்ட் ஜுபிடர்ஹப்' என்று ஒன்று இருக்கிறது. இலவசம். ஒற்றை உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) சர்வரில் 100 பேர் வரைக்கும் என்று கணக்குப் போட்டே செய்தது. மாணவர் பிரவுசரில் முகவரியைத் திறந்தால் பைத்தான் நோட்புக்கும் (நிரலும் விடையும் ஒரே பக்கத்தில்) லினக்ஸ் டெர்மினலும் (கட்டளை அடிக்கும் திரை) வரும். லேபில் இருக்கும் 4 ஜிபி கம்ப்யூட்டர் வெறும் திரையும் கீபோர்டும் ஆகிவிடும், கணக்கெல்லாம் சர்வரில் நடக்கும்.

மெமரி எவ்வளவு வேண்டும் என்பதற்கு அவர்களே ஒரு சூத்திரம் தருகிறார்கள்: ஒரே நேரத்தில் இருப்பவர்கள் எண்ணிக்கையை ஒருவருக்கான மெமரியால் பெருக்கி, அதோடு 128 எம்பி. ஒரு பேட்ச் 21 பேர், ஆளுக்கு 512 எம்பி என்றால் பத்தரை ஜிபிக்குக் கொஞ்சம் கூட வரும். 16 ஜிபி சர்வர் ஒன்று போதும்.

இந்தச் சர்வரில் மாணவர்களுக்கு அட்மின் உரிமை இருக்காது. அந்தப் பெண் என்ன கட்டளை அடித்தாலும் அவள் அறைக்குள் இருப்பதுதான் போகும். அதற்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் நீங்கள் திரும்பக் கொடுக்கலாம். என்டரைத் தட்டச் சொல்லுங்கள்.

---

கோத்தகிரி_லேப் | திங்கள், காலை 6.15

டீச்சர், நான் நீலகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் பொறுப்பாளர். சர்வர் தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் அவர் இப்போது சமவெளியில் இருக்கிறார். மலையில் கிளவுட் என்று இறங்குவதற்கு முன்னால் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. 2009 நவம்பர் நிலச்சரிவில் ரோடே இல்லாமல் போனதைப் பார்த்தவன் நான். அவ்வளவு பெரிதாக எதுவும் வர வேண்டாம். ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், பிராக்டிகல் அன்று 20 பிள்ளைகளும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் அப்படி ஒரு பரீட்சை நாளைப் பார்த்துவிட்டேன், இன்னொன்று வேண்டாம்.

நாங்கள் சர்வரை லேபிலேயே வைத்துக்கொண்டோம். ஒரு அலுவலகம் கழித்துக் கட்டிய பழைய சர்வர், மெமரி மட்டும் 64 ஜிபி ஆக்கினோம். அதில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டிருக்கிறோம், ஒரே சர்வருக்குள் பல முழுக் கணினிகளை ஓட்டும் மென்பொருள், அதுவும் இலவசம்தான். ஒரு மாதிரி இயந்திரம் செய்து, அதிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் இணைப்பு நகல் எடுக்கிறோம். இணைப்பு நகல் என்றால் மாதிரியின் டிஸ்க்கை முழுசாக நகல் எடுக்காது, மாணவர் மாற்றியதை மட்டும் தனியாக எழுதி வைக்கும். அதனால் 30 பேருக்கும் டிஸ்க் இடம் கொஞ்சம்தான் பிடிக்கிறது.

நீங்கள் சொன்ன பயத்துக்கு மருந்து ஸ்னாப்ஷாட், அதாவது இயந்திரம் நன்றாக இருந்த நிலையை அப்படியே பதிந்து வைப்பது. மாணவர்களுக்கென்று ஒரு தனி ரோல் உருவாக்கினேன். இயக்கலாம், நிறுத்தலாம், கன்சோல் பார்க்கலாம், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம், அவ்வளவுதான். வேறு எதையும் தொட முடியாது. முதல் வகுப்பிலேயே "இன்றைக்கு எல்லோரும் உங்கள் மிஷினைக் கெடுங்கள்" என்பேன். சிஸ்டம் ஃபோல்டரையே அழித்து, திரும்ப பூட் ஆகாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, திரும்பு என்கிற பட்டனை அவர்களே அமுக்குவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வகுப்பின் முகமே வேறு.

இணையம் இல்லாவிட்டாலும் லேப் நடக்கும். மாசச் செலவு கரண்ட் பில் மட்டும்.

---

பூம்பாறை_மாணவன் | திங்கள், மதியம் 1.20

கோத்தகிரி சார், ஒன்று சொல்லலாமா. நான் கொடைக்கானலில் படிக்கிற பையன், வேறு கல்லூரி. எங்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க மூன்றரைக்கே கிளம்பிவிடுவேன். லேப் சர்வர் லேபிலேயே இருந்தால் லேப் பூட்டியதும் எனக்கு அது இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, அண்ணனுக்கு அரசு தந்த பழைய லேப்டாப் இருக்கிறது, பேட்டரி போய்விட்டது, ஆனால் பிரவுசர் திறக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டவர் நன்றாகக் கிடைக்கும். அப்போது லேப் திறந்திருந்தால் நான் படிப்பேன். என்னைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

---

மலைச்சாரல்_டீச்சர் | திங்கள், இரவு 8.05

தம்பி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் வகுப்பிலும் மன்னவனூர், கவுஞ்சியிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றரை மணி பஸ் எனக்கும் தெரியும்.

கோத்தகிரி சார், உங்கள் ஸ்னாப்ஷாட் வகுப்பை நான் கட்டாயம் நடத்தப் போகிறேன். ஆனால் சர்வர் வாங்க எங்களுக்கு ஒரே தவணையில் பணம் கிடைக்காது. மாசாமாசம் சின்னத் தொகை என்றால்தான் கையெழுத்து ஆகும்.

சர்வர் தம்பி, சில பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் தயாராகவே தருகிறார்களாமே? ஆசிரியர் லேப் உருவாக்கி, லிங்க் அனுப்பினால் மாணவர் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு தோழி சொன்னாள். அது எளிதா?

---

வத்தலகுண்டு_கணக்கு | திங்கள், இரவு 9.30

டீச்சர், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பணம் கட்டும் பக்கத்தை முதலில் படித்துவிடுங்கள். நான் ஒரு பயிற்சி மையத்தில் கணக்கு எழுதினேன். ஆறு மெய்நிகர் இயந்திரங்கள் எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் உள்ளேயிருந்தே ஷட்டவுன் கொடுத்துவிட்டுப் போவார்கள். திரை அணைந்துவிடும், எல்லோரும் நின்றுவிட்டது என்றே நினைத்தோம். மாசக் கடைசியில் பில் வந்தது. 24 மணி நேரமும் ஓடியதாகக் கணக்கு. நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தத் தாளை நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து ஷட்டவுன் செய்தால் சில கிளவுட்களில் இயந்திரம் நிற்கும், ஆனால் அதற்கென்று ஒதுக்கிய இடம் உங்கள் பெயரில்தான் இருக்கும். வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். கிளவுட்டின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் போய் நிறுத்தி, ஒதுக்கீட்டையும் விடுவிக்க வேண்டும். அப்படி விடுவித்தாலும் டிஸ்க்குக்கு வாடகை உண்டு.

இன்னொன்று. பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருந்தோம். அது மெயில் அனுப்பும், எதையும் நிறுத்தாது. அதை எல்லோரும் தடுப்புச் சுவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும், 3,000 என்று நிர்வாகத்திடம் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

பெருமாள்மலை_சர்வர் | திங்கள், இரவு 11.10

கணக்கு அண்ணன் எழுதியதை எல்லா ஆசிரியர்களும் படிக்க வேண்டும். முதல் நாளே செய்ய வேண்டியது தானாக அணையும் நேரம் வைப்பது. மாணவர் பெயர்களைக் கூட அப்புறம் சேர்க்கலாம்.

கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன். மாசத்துக்கு 720 மணி நேரம். உங்கள் லேப் வாரத்துக்கு 12 மணி என்றால் மாசத்துக்குச் சுமார் 50. பூம்பாறைத் தம்பி போன்றவர்களுக்காக தினமும் மாலை ஆறு முதல் பத்து வரை என்றால் 120. மொத்தம் 170. அதாவது கால்வாசிக்கும் குறைவு. சர்வர் அந்த நேரத்தில் மட்டும் எழுந்து தானாகத் தூங்கும்படி அட்டவணை போட்டால் 16 ஜிபி இயந்திரம் உங்கள் தொகைக்குள் வரும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு கிளவுட்டும் விலைக் கணிப்புப் பக்கம் வைத்திருக்கிறது. 170 மணி என்று போட்டுப் பாருங்கள், 720 என்று போட்டுப் பயப்படாதீர்கள். சின்னச் சின்ன வாடகைகளும் உண்டு. அமேசானில் 2024 பிப்ரவரி முதல் பொது ஐபி முகவரிக்கே (வெளியிலிருந்து சர்வரை அடையும் எண்) மணிக்கு 0.005 டாலர், மாசம் முழுக்க வைத்தால் 3.6 டாலர்.

சர்வர் எந்த ஊரில் என்று கேட்கும்போது இந்தியாவுக்குள் தேர்ந்தெடுங்கள். அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும், மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையும் இருக்கின்றன. கண்டம் தாண்டிப் போனால் ஒவ்வொரு எழுத்தும் அடித்த பிறகு ஒரு கணம் கழித்துத்தான் திரையில் விழும்.

தயார் நிலையில் வரும் லேப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் தோழி சொன்னது மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் லேப் சர்வீசஸ் மாதிரி ஒன்றாக இருக்கலாம். மாதிரி இயந்திரம், மாணவருக்கு மணி நேர ஒதுக்கீடு, வகுப்பு அட்டவணை, இணைப்பு விட்டால் தானாக அணைவது எல்லாம் அதில் அழகாக இருந்தது. ஆனால் அதை 2027 ஜூன் 28 அன்று மூடுகிறார்கள். இப்போது புதுசாக அதில் இறங்க வேண்டாம். இந்தத் துறையில் இது அடிக்கடி நடக்கும். அதனால்தான் நாமே எடுத்து எங்கு வேண்டுமானாலும் நிறுவக்கூடியதைச் சொல்கிறேன். ஒரு கம்பெனி கதவைச் சாத்தினால் ஃபோல்டர்களை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடலாம்.

சர்வர் தயாராகும் வரை வகுப்பு நிற்க வேண்டாம். பைத்தானுக்கு கூகுள் கோலாப் நாளைக்கே திறக்கும், ஜிமெயில் இருந்தால் போதும். ஆனால் அமர்வு முடிந்ததும் அந்த இயந்திரத்தில் வைத்தது எல்லாம் போய்விடும், டிரைவில் சேமித்தது மட்டும் நிற்கும். முழு லினக்ஸ் வேண்டும் என்றால் கிட்ஹப் கோட்ஸ்பேசஸ். தனிக்கணக்குக்கு மாசம் 120 கோர் மணி (பிராசஸரின் ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுவது) இலவசம். இரண்டு கோர் இயந்திரம் எடுத்தால் 60 மணி நேரம். அட்மின் உரிமையும் உண்டு. கெடுத்துவிட்டால் அந்த இடத்தை அழித்துவிட்டு இன்னொன்று திறக்கலாம். கார்டு கேட்காது.

நீங்கள் எந்த மாலை ஓய்வு என்று சொல்லுங்கள். போனில் கூடவே இருந்து நிறுவுகிறேன்.

---

தாண்டிக்குடி_காபி | செவ்வாய், காலை 5.50

நான் காபித் தோட்டக்காரன், முன்னால் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கீழ்மலையில் மரம் விழாத ரோடு இல்லை. அதனால் கோத்தகிரிக்காரர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கரண்ட் போனதும் இணையம் போவதாக நாம் நினைப்பதில் பாதி நேரம் போவது நம் ரவுட்டர் மட்டும்தான். ஃபைபர் வழி வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பெரிய யுபிஎஸ் எதுவும் வேண்டாம். என் வீட்டில் அப்படித்தான்.

லேப் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் போனிலேயே அந்த நோட்புக்கைத் திறந்து பார்க்கலாம் இல்லையா? அதற்கு எவ்வளவு டேட்டா செலவாகும்?

---

பெருமாள்மலை_சர்வர் | செவ்வாய், காலை 8.30

ஐயா, நோட்புக் என்பது எழுத்து. முதல் தடவை பக்கம் திறக்கும்போது சில எம்பி, அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். ரிமோட் டெஸ்க்டாப் அப்படி இல்லை, திரையையே படமாக அனுப்பிக்கொண்டிருக்கும். சுட்டியை அசைத்தாலே டேட்டா. முழுக் கணினி வகையை முதலில் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இணைப்பு விட்டுப் போவதற்கும் வழி இருக்கிறது. டெர்மினலில் வேலை செய்கிறவர்கள் டிமக்ஸ் என்ற சின்ன மென்பொருளுக்குள் வேலை செய்யப் பழகினால், இணைப்பு அறுந்தாலும் வேலை சர்வரில் அப்படியே நிற்கும். திரும்ப வந்து ஒட்டிக்கொண்டால் விட்ட இடத்தில் இருக்கும்.

---

கோத்தகிரி_லேப் | செவ்வாய், இரவு 9.00

தம்பி சொன்ன அந்தச் சின்ன ஜுபிடர்ஹப்பை நேற்று ராத்திரி எங்கள் பிராக்ஸ்மாக்ஸுக்குள்ளேயே ஒரு உபுண்டு இயந்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரே கட்டளை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் மலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் ஒரு மாணவர் பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்தால் அவருடைய சர்வரைத் தானாக நிறுத்திவிடும். 600 வினாடி என்று வைத்திருக்கிறார்கள். மெமரியை மிச்சம் பிடிக்க அது நல்லதுதான். நமக்குக் கரண்ட் போனால் பத்து நிமிடத்தில் வருமா? சோதித்துப் பார்த்தேன். ரவுட்டரைக் கழற்றிவிட்டு கால் மணி நேரம் கழித்து மாட்டினேன். ஃபைல் இருந்தது. அதுவரை ஓட்டி வைத்த மாறிகளெல்லாம் போய்விட்டன, முதல் வரியிலிருந்து திரும்ப ஓட்ட வேண்டியதாயிற்று. முதல் வருடப் பிள்ளைக்கு அது "எல்லாம் போச்சு" என்றுதான் தெரியும். அந்த 600-ஐ 3,600 ஆக்கினேன். டீச்சர், நீங்களும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் கண்டேன். நீங்கள் மாணவர் பெயரைச் சேர்த்ததும், அந்தப் பெயரில் முதலில் யார் நுழைகிறார்களோ அவர்கள் கொடுப்பதுதான் பாஸ்வேர்ட். அதனால் பெயர்களைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். வகுப்பில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சேர்த்து, அங்கேயே நுழைய வையுங்கள்.

---

மலைச்சாரல்_டீச்சர் | சனி, இரவு 10.20

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

சர்வர் தம்பி போனில் இருக்க, ஒரு புதன்கிழமை மாலை மும்பையில் ஒரு உபுண்டு சர்வர் எடுத்தேன். அவர் சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன். முதலில் அணையும் அட்டவணை. அப்புறம் பட்ஜெட் மெயில். அப்புறம்தான் ஜுபிடர்ஹப். ஒருவருக்கு 512 எம்பி என்று வரம்பு போட்டேன், 600-ஐ 3,600 ஆக்கினேன். கல்லூரி முகவரியின் கீழ் ஒரு பெயர் வாங்கி, பிரவுசரில் பாதுகாப்பான இணைப்பு என்கிற பூட்டுச் சின்னம் வரும்படி செய்ததில்தான் ஒரு மாலை முழுக்கப் போயிற்று. மற்றதெல்லாம் நான் பயந்த அளவு இல்லை.

பாடத்துக்கு ஒரு விஷயம் தேடினேன். எங்கள் ஊர் சூரிய ஆய்வகம் 1899-ல் ஆரம்பித்தது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டுபிடித்தது இங்கேதான். அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டல் ஆக்கி வைத்திருக்கிறது. தினமும் அந்த வழியாகவே பஸ்ஸில் வருகிற பிள்ளைகள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சரி, இதை வைத்தே பைத்தான் நடத்தலாம் என்று முடிவு செய்தேன். படத்தில் கறுப்புப் புள்ளி எங்கே என்று நிரல் எழுதிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு படம் 4,096-க்கு 4,096 புள்ளி. ஃபைல் 32 எம்பி. 42 பேரும் தனித்தனியாக இறக்கினால் ஒரே படத்துக்கு 1.3 ஜிபி, எங்கள் இணைப்பு மூச்சு விடாது. சர்வரில் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டரில் ஒரு தடவை மட்டும் இறக்கி வைத்தேன். பிள்ளைகள் படிக்கலாம், மாற்ற முடியாது. கிளவுட் என்றால் என்ன என்று எனக்கே அன்றுதான் உறைத்தது. படம் மலை ஏறவே இல்லை, விடை மட்டும் ஏறி வருகிறது.

வகுப்பு ஆரம்பித்து 20 நிமிடத்தில் ஒரு மூலையிலிருந்து "மேம், செத்துருச்சு" என்று குரல். கெர்னல் (நோட்புக்கில் நிரலை ஓட்டும் பகுதி) இறந்துவிட்டது என்று திரையில் ஒரு பெட்டி. அடுத்து இன்னொன்று. எனக்குக் கை நடுங்கியது. ராத்திரி தம்பியிடம் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. ஃபைல் 32 எம்பி ஆனாலும், கணக்குப் போடும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 8 பைட் எடுத்தால் 128 எம்பி ஆகிவிடும். நாலு படத்தைச் சேர்த்துத் திறந்தால் 512, அதாவது வரம்பு முழுசும். 4 பைட் எண்ணாக மாற்றி, ஒவ்வொரு படமாகத் திறக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது. வரம்பு போட்டிருந்ததால் அந்த இரண்டு பேரைத் தவிர மற்ற 19 பேருக்கும் எதுவும் ஆகவில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம். அந்த இரண்டாவது குரல் பண்ணைக்காட்டுப் பெண்ணுடையது. நான் அவள் பக்கம் போவதற்குள், மெனுவில் போய் தன் சர்வரை நிறுத்தி, திரும்ப இயக்கி, முதல் வரியிலிருந்து ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னால் நிற்பது கூட அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவையாக நாலு படத்தையும் திறந்து பார்த்தாள். மறுபடி இறந்தது. மறுபடி இயக்கினாள். அப்புறம் தானாகவே மூன்று படம் மட்டும் போட்டுப் பார்த்தாள்.

---

வத்தலகுண்டு_கணக்கு | சனி, இரவு 10.45

டீச்சர், மனசு நிறைந்தது. பில் எவ்வளவு?

---

மலைச்சாரல்_டீச்சர் | சனி, இரவு 11.00

இரண்டு வாரத்துக்கு எங்கள் வரம்பில் பாதிக்குள்தான் இருக்கிறது அண்ணே, ஜிஎஸ்டி சேர்த்தே. ஒரு நாள் மட்டும் அணையும் அட்டவணையில் நேர மண்டலம் தப்பாகப் போட்டிருந்தேன். இரவு பத்துக்கு அணைய வேண்டியது விடியற்காலை மூன்றரைக்கு அணைந்தது. ஐந்தரை மணி நேர வித்தியாசம். பில்லைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். உங்கள் பதிவைப் படிக்காவிட்டால் பில்லைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

---

பூம்பாறை_மாணவன் | ஞாயிறு, காலை 7.10

மேம், ராத்திரி எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள்?

---

மலைச்சாரல்_டீச்சர் | ஞாயிறு, காலை 7.40

ஒன்பது, பத்துப் பேர். பெரும்பாலும் போனில் வருகிறார்கள். பைத்தானில் வரியை உள்ளே தள்ளி எழுதுவதற்குப் போன் கீபோர்டு ரொம்பப் படுத்துகிறது என்றார்கள். ஒரு பையன் ஓடிஜி வயரில் பழைய கீபோர்டை மாட்டிக்கொண்டான். நேற்று நாங்கள் லேபில் ஓடாமல் கிடந்த ஏழு கம்ப்யூட்டரின் கீபோர்டுகளையும் துடைத்து, தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ரிஜிஸ்டரில் எழுதிக்கொடுத்துவிட்டோம். நிரலே எழுதிப் பழகாதவர்களுக்கு ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன, அதையும் கொடுத்திருக்கிறேன்.

கோத்தகிரி சார், ஒரு வேண்டுகோள். ஓடாத ஏழில் இரண்டின் மெமரியைக் கழற்றி ஒன்றில் போட்டால் 8 ஜிபி வருகிறது. இதே ஜுபிடர்ஹப்பை அதிலும் நிறுவி, லேபுக்குள் மட்டும் ஓட வைத்து, பிராக்டிகல் பரீட்சைக்கு அதைத் தயாராக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இணையம் போனாலும் பரீட்சை நிற்காது. ஒரு பேட்சை மூன்றாகப் பிரித்தால் ஏழேழு பேர், ஆளுக்கு 512 என்றாலும் மூன்றரை ஜிபிதான். சரியாக வருமா?

---

கோத்தகிரி_லேப் | ஞாயிறு, காலை 9.15

தாராளமாக வரும் டீச்சர். பரீட்சைக்கு முந்தின நாள் மாணவர்களின் ஃபோல்டர்களை கிளவுட்டிலிருந்து அதற்கு நகல் எடுத்துவிடுங்கள். ராத்திரி இணைப்பு நன்றாக இருக்கும்போது எடுங்கள். அந்த ஒரு கம்ப்யூட்டரையும் லேப் ஸ்விட்சையும் மட்டும் தனி யுபிஎஸ்ஸில் போடுங்கள். அடுத்த செமஸ்டர் நெட்வொர்க் பாடம் வந்தால் சொல்லுங்கள், ஸ்னாப்ஷாட் ரோலை எப்படி அமைத்தேன் என்று படிப்படியாக எழுதி இங்கேயே போடுகிறேன்.

---

தாண்டிக்குடி_காபி | ஞாயிறு, காலை 9.50

டீச்சர், 12 வோல்ட் பேட்டரி ஒன்று என்னிடம் சும்மா இருக்கிறது. புதன்கிழமை கொடைக்கானல் வருகிறேன், கல்லூரியில் கொடுத்துவிட்டு ரவுட்டரில் மாட்டியும் தருகிறேன். எந்த வாசலில் வந்து கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.